இல்லாததை எண்ணப்போற பேத்திக்கு

இங்க வா தாயி, இந்தத் திண்ணைல உக்காரு. பெட்டி அடுக்குறத உங்க அப்பத்தா பாத்துக்கிருவா. நாளைக்கு ராத்திரி நீ பிளேன் ஏறிட்டா, அப்பறம் உனக்குப் புத்தி சொல்லணும்னா போன்லதான் சொல்லணும். போன்ல சொன்னா "டவர் இல்ல தாத்தா"ன்னு கட் பண்ணிருவே. உங்கப்பன் அப்பிடித்தான் பண்றான்.

டீக்கடைல கேட்டாக, பேத்தி சீமைக்குப் போயி என்ன படிக்கப்போறான்னு. "சாமி இல்லேங்குறவுகளப் பத்தி ஆராய்ச்சி பண்ணப் போறா"ன்னேன். செத்த நேரம் ஒருத்தனும் வாயத் தொறக்கல. வடை போட்டுக்கிட்டிருந்தவன்தான் கேட்டான்: "இல்லேங்குறவன்கிட்ட என்ன மாமா இருக்கும், ஆராய்றதுக்கு?" எல்லாரும் சிரிச்சாக, நானும் சேந்து சிரிச்சேன். ஆனா ராத்திரி தூக்கம் வரல தாயி. வடை மாஸ்டர் கேட்டதுதான் உன் பட்டத்துக்கே மொதக் கேள்வி.

ரெண்டு மாசமா நீ ஒவ்வொரு புஸ்தகமா வாசிச்சு எனக்கு அர்த்தம் சொன்னியே, கெழவன் பாதியில தூங்கிட்டான்னுதான நெனச்சே? கண்ணத்தான் மூடியிருந்தேன். எல்லாம் உள்ள கெடக்கு. இப்ப நான் உனக்குத் திருப்பி அர்த்தம் சொல்றேன்.

ஒண்ணு, எவனாச்சும் இந்தப் படிப்பக் கேலி பண்ணுனா மொகத்தச் சுளிக்காத. இது காசுள்ள படிப்பு. ஹார்வர்டுல தமிழுக்கு இருக்கை வைக்கணும்னு ஊரு ஊரா வசூல் பண்ணினாகளே, அந்தப் பாடு இவுகளுக்கு இல்ல. அமெரிக்காவுல மியாமி பல்கலைக்கழகத்துல 2016-ல ஒரே ஒரு பணக்காரர் 22 லட்சம் டாலர எடுத்து நீட்டி, நாத்திகத்துக்குன்னு ஒரு இருக்கை போட்டுட்டாரு. இல்லைங்குறதுக்கு ஒரு இருக்கை! இந்த வேடிக்கை தமிழ்ல சொன்னாத்தான் வெளங்கும், வெள்ளக்காரன்கிட்டச் சொல்லிப் பாக்காத. ஹார்ட்ஃபோர்டுல டிரினிட்டி காலேஜுன்னு ஒண்ணு. பிதா, சுதன், ஆவின்னு மூணையும் சேத்து வச்ச பேரு. அங்கதான் 2005-ல மதச்சார்பின்மைக்குன்னு ஆராய்ச்சி நிலையம் தொறந்தாக. கென்ட் பல்கலைக்கழகத்துல அவநம்பிக்கையப் பத்தி நடந்த பெரிய ஆராய்ச்சிக்குப் பணம் எங்கருந்து வந்துச்சு? டெம்பிள்டன் அறக்கட்டளை. பேருலயே டெம்பிள் இருக்கு பாரு. உண்டியல்ல விழுந்தது யாருக்குப் போயிச் சேரும்னு உண்டியலுக்கே தெரியாது.

ஆனா ஆரம்பத்துல இதுல காசு கெடையாது, கம்பிதான். செக்குலரிசம்ங்குற சொல்ல 1851-ல உண்டாக்குனவரு ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக். அதுக்கு ஒம்பது வருசம் முந்தி, 1842-ல, இங்கிலாந்துல செல்டன்ஹாம்ங்குற ஊர்ல ஒரு கூட்டம். அவருக்கு அப்ப 25 வயசு. பேசி முடிச்சதும் ஒருத்தர் எந்திரிச்சு, "இவ்வளவு பேசுனீரே, கடவுளுக்குச் செய்ய வேண்டிய கடமையப் பத்தி ஒண்ணும் சொல்லலையே"ன்னு கேட்டிருக்காரு. சனங்க கஞ்சிக்குச் செத்துக்கிட்டிருந்த காலம். பட்டாளத்து ஆபீசருங்களப் பாதிச் சம்பளத்துல உக்கார வைக்கிற மாதிரி கடவுளையும் செத்த காலம் வச்சிருந்தா என்னன்னு இவரு ஒரு போடு போட்டாரு. நம்ம ஊரா இருந்தா கூட்டம் சிரிச்சிட்டுக் கலைஞ்சிருக்கும். அங்க ஆறு மாசம் உள்ள தள்ளிட்டாக. அவரு செயில்ல இருக்கையில வீட்டுல பச்சப் புள்ள செத்துப்போச்சு. இதைக் கேலியாச் சொல்ல எனக்கு நாக்கு வரல, அடுத்ததுக்குப் போவோம்.

சார்லஸ் பிராட்லா கதை இருக்கே, அது கூத்து. 1880-ல நார்த்தாம்ப்டன்ல செயிச்சுப் பார்லிமெண்டுக்குப் போறாரு. "கடவுள் பேரச் சொல்லிச் சத்தியம் பண்ண மாட்டேன், உறுதிமொழி சொல்றேன்"னாரு. முடியாதுன்னாக. "சரி, சத்தியமே பண்றேன்"னாரு. நம்பாதவன் பண்ற சத்தியம் செல்லாதுன்னு அதுக்கும் முடியாதுன்னுட்டாக! ஒருநா ராத்திரி மணிக்கூண்டுல அடைச்சும் வச்சாக. ஊர்க்காரன் விடாம அவரையே திருப்பித் திருப்பிச் செயிக்க வச்சு அனுப்பினான். ஆறு வருசம் இழுத்து, 1886-லதான் உக்கார எடம் கெடச்சுது. 1888-ல சட்டத்தையே மாத்துனாக. நம்ம ஊர்ல மந்திரி ஆகுறப்ப பல பேரு "உளமார உறுதி கூறுகிறேன்"னு சொல்லிட்டுச் சாவகாசமாக் கையெழுத்துப் போடுறாகளே, அந்த ஒரு சொல்லுக்கு அங்க ஒருத்தன் வாசப்படியில ஆறு வருசம் நின்னிருக்கான்.

இந்த பிராட்லாவப் பாத்துத்தான் மதராஸ்ல நம்மாளுக சென்னை லௌகிக சங்கம்னு நடத்தினாக. 1882-லருந்து 1888 வரைக்கும் "தத்துவவிவேசினி"ன்னு தமிழ்ல ஒரு பத்திரிகை, "திங்க்கர்"னு இங்கிலீஷ்ல ஒண்ணு. பெரியார் "குடி அரசு" ஆரம்பிச்சது 1925-ல. அதுக்கும் நாப்பது வருசம் முந்தி! நீ லண்டன்ல போயி இறங்குனதும் எவனாச்சும் "உங்க நாட்டுல ஆன்மிகம்தானே, இதெல்லாம் உங்களுக்கு எப்பிடிப் புரியும்"னு கேப்பான். இந்த வருசத்தச் சொல்லிட்டு டீயக் குடி.

லௌகிகம்ங்குற அந்தச் சொல்லையும் பாரு. "அவன் லௌகீகம் தெரிஞ்சவன்"னா நம்ம பக்கம் என்ன அர்த்தம்? கொடுக்கல் வாங்கல் தெரிஞ்சவன், கல்யாணம் காச்சியில எங்க பேசணும் எங்க வாய மூடணும்னு தெரிஞ்சவன். நல்ல சொல்லு. இப்ப மதச்சார்பின்மைங்குறாக. அந்தச் சொல்லுல மதமும் இருக்கு, சார்பும் இருக்கு. ரெண்டையும் உள்ள உக்கார வச்சுட்டுக் கடைசியில "இன்மை"ன்னு ஒரு பூட்டப் போட்டா ஆச்சா?

சரி, எண்ணுற விசயத்துக்கு வாறேன். உன் தொழிலே அதான்.

2011-ல சென்சஸ் எடுக்க ஒரு டீச்சரம்மா நம்ம வீட்டுக்கு வந்துச்சு. மதம்னு ஒரு கேள்வி. நான் கருப்புச் சட்டை போட்டு வளந்தவன். 1967-ல அண்ணாதுரை சுயமரியாதைக் கல்யாணத்துக்குச் சட்டம் போட்டாரு, 1969-ல ஐயரும் இல்லாம ஓமமும் இல்லாம மாலை மாத்துனவன் நான். தொண்டையச் செருமி, நிமிந்து உக்காந்து, "மதம் இல்லை"ன்னு சொல்ல வாயத் தொறக்குறேன். அடுப்படியிலருந்து உங்க அப்பத்தா கொரல்: "இந்துன்னு போடும்மா. காப்பி குடிக்கிறியா?" அந்தப் புள்ள எழுதிருச்சு, காப்பியையும் குடிச்சிருச்சு. அந்தக் கணக்குல மதத்தைச் சொல்லாதவுக இந்தியா பூராவும் 28 லட்சத்துச் சொச்சம், நூத்துக்குக் கால் பேரு. அதுல நான் இல்ல. நாப்பது வருசக் கொள்கை ஒரு டம்ளர் காப்பியில கரஞ்சு போச்சு. நீ வாசிக்கிற ஒவ்வொரு கணக்குக்குப் பின்னாலயும் ஒரு அடுப்படி இருக்கும் தாயி. பதில் சொன்னது யாருன்னு பாரு.

கேக்குற விதத்துலயும் சூது இருக்கு. விருந்தாளிகிட்ட "காப்பியா டீயா?"ன்னு கேட்டா, வேண்டாதவனும் ஒண்ணு சொல்லுவான். "ஏதாச்சும் சாப்பிடுறீகளா?"ன்னா, "இப்பத்தான் ஆச்சு"ன்னுருவான். இங்கிலாந்துல சென்சஸ்காரன் "உங்க மதம் என்ன?"ன்னு கேக்குறான். இல்லேங்குறதுக்கு மொதல்லயே ஒரு கட்டம் போட்டுத்தான் வச்சிருக்கான். இருந்தும் 2021-ல அதுல டிக் அடிச்சது நூத்துக்கு 37 பேருதான். இன்னொரு கூட்டம், பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வுன்னு பேரு, "ஏதாச்சும் மதத்துல இருக்கதா நெனைக்கிறீகளா?"ன்னு கேட்டாக. 2018-லயே 52 பேரு இல்லேன்னாக. சனம் ஏறக்கொறைய அதே சனம்தான். கேள்வியில ஒரு "ஏதாச்சும்" சேந்ததும் எத்தன பேரு கோயில விட்டு வெளிய வந்துட்டாக பாத்தியா?

2001-ல இன்னும் வேடிக்கை. மதம்ங்குற எடத்துல 3,90,127 பேரு "ஜெடை"ன்னு எழுதிப்பிட்டாக. ஸ்டார் வார்ஸ்னு ஒரு சினிமா, அதுல வெளக்குக் குச்சிய வச்சுச் சண்டை போடுறவுக. அந்த நாட்டுச் சீக்கியர்களவிட இவுக கூடுதல்! சர்க்காரு இவுகள அப்பிடியே மதமில்லாதவுக கணக்குல தள்ளிட்டுது. நம்ம ஊர்ல இது நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சேன். எம்.ஜி.ஆர்னு ஒரு மதம் வந்திருக்கும், அதுல ரெண்டு பிரிவும் வந்திருக்கும்.

பொய் சொல்றதுல உலகம் பூரா ஒண்ணுதான். ஒரு காலத்துல அமெரிக்காக்காரன்கிட்ட "இந்த வாரம் சர்ச்சுக்குப் போனீகளா?"ன்னா நூத்துக்கு 40 பேரு போனோம்பாக. ஒஹையோவுல மூணு ஆராய்ச்சிக்காரருக சந்தேகப்பட்டு, சர்ச்சு சர்ச்சா ஆள் கணக்குக் கேட்டு, கணக்கு கெடைக்காத எடத்துல ஞாயித்துக்கெழம வெளிய நிக்கிற காரையெல்லாம் எண்ணிருக்காக. 1993-ல கணக்க வெளியிட்டாக. வந்தது சொன்னதுல பாதிதான். மனுசன் போனேன்னுட்டான், கார் போகலேன்னுருச்சு. நீ பேட்டி எடுக்கப் போற வீட்டுல ஆளக் கேக்குறதுக்கு முந்தி வாசல்ல கெடக்குற செருப்ப எண்ணு.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. கடவுள நம்பலைன்னு சொல்லக் கூச்சப்படுறவன எப்பிடிப் புடிக்கிறது? கென்டக்கியில ரெண்டு மனோதத்துவக்காரருக ஒரு வழி பாத்தாக. ஒரு கூட்டத்துகிட்ட "நான் சைவம்", "என் வீட்டுல நாய் இருக்கு"ங்குற மாதிரி சாதாரணச் சங்கதியாக் குடுத்து, எது எதுன்னு சொல்ல வேணாம், எத்தன உண்மைன்னு மட்டும் சொல்லுங்கன்னாக. இன்னொரு கூட்டத்துக்கு அதே பட்டியல், கூடவே "கடவுள நம்பல"ன்னு ஒண்ணு. ரெண்டு கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் நாத்திகன். நேராக் கேட்டா நூத்துக்கு 3-லருந்து 11 வரைக்கும் வந்தது, இந்த வழியில சுமாரா 26-ன்னு வந்துச்சு. அச்சொட்டான கணக்கு இல்லேன்னு அவுகளே சொல்லிட்டாக. எனக்குப் பிடிச்சது கணக்கு இல்ல, அந்தக் களவாணிப் புத்தி. ஊர்ல எவன் ஒளிஞ்சு சீட்டாடுறான்னு உங்க அப்பத்தா இப்பிடித்தான் கண்டுபிடிப்பா.

அமெரிக்காவுல இந்தக் கூட்டத்துக்கு "நன்"னு பேரு. எதுவுமில்லைன்னு அர்த்தமாம். கன்னியாஸ்திரிக்கும் "நன்"தான். நம்ம எழுத்துல எழுதுனா ரெண்டுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் கெடையாது. "அமெரிக்காவுல பத்துக்கு மூணு பேரு நன்"னு நீ போன்ல சொன்னப்ப, அந்தத் தேசத்துல இத்தன கன்னியாஸ்திரியா, கல்யாணமே நடக்காதான்னு ஒரு வாரம் கவலையா இருந்தேன்.

ஜோசியம் மட்டும் சொல்லிறாத. பீட்டர் பெர்கர்னு ஒரு பெரிய சமூகவியல்காரரு, 1968-ல ஜோசியம் சொன்னாரு: 21-ம் நூற்றாண்டுல பக்திமான்க சின்னச் சின்னக் கூட்டமா அங்கங்க ஒண்டிக்கிட்டு இருப்பாகன்னு. நூற்றாண்டு பொறந்துச்சு, உலகம் பூரா பக்தி பெருத்துக் கெடந்துச்சு. அதுக்கு முந்தியே, 1999-ல, நான் சொன்னது தப்புன்னு அவரே ஒரு புஸ்தகத்துல எழுதிட்டாரு. நான் அவரு கட்சி தாயி. தப்பாச் சொன்ன ஜோசியக்காரன் பரிகாரம் சொல்லி இன்னொரு நூறு ரூவா வாங்குவான். இவரு ஒத்துக்கிட்டாரு.

ஏன் சிலவுக விடுறாக, சிலவுக விடலங்குறதுக்கு நீ வாசிச்சதுலயே நோரிஸ், இங்கிள்ஹார்ட் ரெண்டு பேரும் 2004-ல எழுதுனதுதான் எனக்குச் சட்டுன்னு வெளங்குச்சு. நாளைக்குச் சோறு உண்டா, சீக்கு வந்தா காப்பாத்த ஆளு உண்டாங்குற பயம் எங்க கொறையுதோ, அங்க பக்தியும் கொறையுதாம். இதுக்குப் புஸ்தகமே வேணாம், நம்ம கரிசல் போதும். மானாவாரிக்காரன் மழைக்குக் கும்பிடுவான், முளைப்பாரி எடுப்பான், கழுதைக்குக் கல்யாணமும் பண்ணி வைப்பான். போர் போட்டு மோட்டார் வச்சவன் எந்தச் சாமியக் கும்பிட்டான்? ராத்திரி மூணு மணிக்கு த்ரீ பேஸ் கரண்டு வருமான்னு லைன்மேனத்தான கும்பிட்டான். ஆனா இந்தக் கணக்குக்கும் ஒரு எடத்துல முட்டு உண்டு. நம்ம ஊர்ல மோட்டார் வந்தப்பறம்தான் கோயிலுக்குக் கான்கிரீட் கோபுரமே வந்துச்சு. காசு வந்தா பயம் போகுது சரி, பெருமை வருதே? அத எந்தக் கட்டத்துல போடுறதுன்னு உன் புரபசர்கிட்டக் கேளு.

டென்மார்க் எனக்கு ரொம்பச் சொந்தமான ஊரு. போனதில்ல. ஃபில் சக்கர்மன்னு ஒருத்தரு அங்க ஒரு வருசத்துக்கு மேல தங்கி, சனங்களோட பேசி, 2008-ல எழுதுன புஸ்தகத்த நீ வாசிச்சே. கலிபோர்னியா பிட்சர் காலேஜ்ல 2011-ல இதுக்குன்னு தனித் துறையே தொறந்தவரும் அவருதான். டென்மார்க்காரன் பத்துல ஏழு பேருக்கு மேல சர்ச்சுல உறுப்பினர், சர்ச்சு வரி கட்டுறான், புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்குறான். கடவுள் இருக்காரான்னு கேட்டா தோளக் குலுக்கிக்கிட்டுப் போறான். இது நான்தான தாயி! அம்பது வருசமா அய்யனார் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கட்டுறேன். ஏன்? வரி கட்டலைன்னா நான் செத்தா மேளக்காரன் வரமாட்டான், தோள் குடுக்க ஆளு வரமாட்டான். அய்யனார் இருக்காரான்னு எனக்குத் தெரியாது, தலைக்கட்டு இருக்கு. கெடா வெட்டுல மொத பந்தியில யாரு உக்காந்திருப்பா? அதையும் உன் நோட்டுல எழுதிக்க.

இங்கிலாந்துக்காரன் நேர் எதிர். நம்புறான், ஆனா எதுலயும் சேர மாட்டான்னு கிரேஸ் டேவிங்குற அம்மா 1994-ல சொன்னாக. அதெல்லாம் இல்ல, நம்பவும் இல்ல சேரவும் இல்லன்னு டேவிட் வோவாஸும் அலஸ்டர் கிராக்கெட்டும் 2005-ல வெட்டி விட்டாக. அவுக சொன்ன கணக்குதான் விவசாயிக்குப் புரியும்: அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் பக்தியா இருந்தாலும் புள்ளைக்கு அது போயிச் சேர்றது பாதிக்குப் பாதி. ஒருத்தர் மட்டும் பக்தின்னா அதுலயும் பாதி. ரெண்டு பேருக்கும் பக்தி இல்லேன்னா, அந்த இல்லாதது மட்டும் அனேகமா முழுசாப் போயிச் சேந்துருது. அம்பது சதம் முளைக்கிற விதைய எந்தக் கடையிலயாச்சும் வாங்குவமா? களை விதையப் பாரு, போட்டதெல்லாம் முளைக்கும்.

காலம் பிரவுன்னு ஒருத்தரு 2001-ல இன்னொரு காரணம் எழுதுனாரு. பிரிட்டன்ல கிறிஸ்தவம் 1963 வாக்குல சரியத் தொடங்குச்சு, பொம்பளைக கைய விட்டதுதான் முக்கியக் காரணம்னு. இதுல எனக்கு வாதமே கெடையாது. ஆம்பள எந்தக் காலத்துல சாமியக் காப்பாத்துனான்? கல்யாணமாகி ஆறு மாசத்துல உங்க அப்பத்தா மஞ்சக்கயித்தத் தானே கட்டிக்கிட்டா. உங்கப்பனுக்கு மொட்டை போட்டது எனக்குத் தெரியாது. வெயில் கொப்புளம்னு சொன்னா. மயிரு இல்லாத மண்டையில சந்தனம் எதுக்குன்னு கேட்டதுக்கு, கொப்புளத்துக்கு மருந்துன்னா.

இப்ப வடை மாஸ்டர் கேட்டதுக்கு வருவோம். இல்லேங்குறவன்கிட்ட என்ன இருக்கும்?

லோயிஸ் லீங்குற அம்மா 2015-ல புஸ்தகம் போட்டதே இதுக்குத்தான்: மதமில்லாதவன் காலிப் பானை இல்ல, அவனுக்குன்னு நம்பிக்கை, பழக்கம், சடங்கு, கோவம் எல்லாம் தனியா உண்டுன்னு. நான் தரிசச் சொல்லுவேன். வெள்ளாமை வைக்கலேன்னா தரிசும்பாக பட்டாவுல. நேர்ல போயிப் பாரு. ஆவாரஞ்செடி நிக்கும், எருக்கு நிக்கும், கோரை வேரோடிக் கெடக்கும், கௌதாரி முட்டை இட்டிருக்கும். கென்ட் ஆராய்ச்சியில பிரேசில், சீனா, டென்மார்க், ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கான்னு ஆறு நாட்டுல கேட்டு 2019-ல சொன்னாகளே: கடவுள நம்பாதவனுகள்லயும் ஜாதகம், விதி, செத்தப்பறம் ஏதோ ஒண்ணுன்னு நம்புறவன் எல்லா நாட்டுலயும் இருக்கான். எனக்கு ஆச்சரியமே இல்ல. கருப்புச் சட்டை போட்டிருந்த காலத்துலயே நான் ராகுகாலத்துல விதைப்பெட்டியத் தொட மாட்டேன். ஏன்னு தோழருக கேட்டா, அந்நேரம் கூலியாள் வரமாட்டான்னுருவேன். கூலியாள் அது வரைக்கும் வரப்புல உக்காந்து பீடி குடிச்சுக்கிட்டு என்னத்தான் பாத்துக்கிட்டிருப்பான்.

லண்டன்ல 2013-ல ரெண்டு சிரிப்பு நடிகருக, ஒரு பழைய சர்ச்சுக் கட்டடத்த எடுத்து, சாமி இல்லாம ஞாயித்துக்கெழமக் கூட்டம் நடத்த ஆரம்பிச்சாக. சேந்து பாட்டு, ஒரு சொற்பொழிவு, கடைசியில டீயும் கேக்கும். கறி போடாத கறிக்கொழம்பு. சிரிக்காத, மசாலா சரியா அரைச்சா அதுவும் நல்லாத்தான் இருக்கும். நூத்தி எழுவது வருசம் முந்தி பிரான்ஸ்ல ஆகஸ்ட் கோம்த் இதவிடப் பெருசா அரைச்சாரு. மனுசகுல மதம்னு ஒண்ணு, அதுக்குப் பூசாரி, அதுக்குன்னு ஒரு காலண்டர், 13 மாசம், மாசத்துக்கு 28 நாள். ஒரு மாசத்துக்குப் பேரு ஷேக்ஸ்பியர், ஒண்ணுக்கு ஆர்க்கிமிடிஸ். மிஞ்சுன ஒரு நாள் செத்தவுகளுக்கு. சாமிய வெரட்டுனவனுக்கும் ஆடி அமாவாசை தேவைப்பட்டிருக்கு பாத்தியா?

அங்க போயிப் பேட்டி எடுக்கையில, "கடவுள நம்புறீகளா?"ன்னு எடுத்த எடுப்புல கேட்டுறாத. உங்க வீட்டுல கடைசியா யாரு செத்தா, எங்க பொதச்சீக, அன்னைக்கு என்ன சமைச்சீகன்னு கேளு. அரை மணி நேரம் பேசுவான். அவன் எந்தக் கட்டம்னு அவன் சொல்ல வேண்டியதில்ல.

என்ன அது, பெட்டி ஓரத்துல ஒரு பொட்டலம்? திருநீறா? உங்க அப்பத்தா வேலை. எடுக்காத, அப்பிடியே கெடக்கட்டும். ஏர்போர்ட்ல தொறந்து பாத்துக் கேட்டா ஆராய்ச்சிக்குச் சாம்பிள்னு சொல்லு.

மணிச் சத்தம் கேக்குது. வெளக்குப் பொருத்திட்டா போல. நீ முன்னால போ தாயி, நான் செருப்பக் கழட்டிட்டு வாறேன். சுண்டல் ஆறிரும்.